விடியும்வரை பொறுக்கும் நோய், பொறுக்காத நோய்

நீட் பிஜி ரேங்க் கையில் கிடைத்ததும் ஏறக்குறைய எல்லா இளம் மருத்துவர்களின் காதிலும் விழும் அறிவுரை ஒன்றுதான்: "லைஃப் வேணும்னா ரேடியாலஜி எடு, இல்லேன்னா டெர்மா. சர்ஜரி, கைனி பக்கமே போகாதே." சீனியர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது பிராஞ்சுகளை லேசானவை, கஷ்டமானவை என்று இரண்டு கட்டாகப் பிரித்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மருத்துவரின் இரவும் ஞாயிற்றுக்கிழமையும் யாருக்குச் சொந்தம் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. அந்தத் துறையின் நோய்கள் விடியும்வரை பொறுக்குமா என்பது ஒன்று. பொறுக்காத நோய் வரும் இரவுகளை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பிராஞ்சோடு ஒட்டிக்கொண்டு வருவது, அதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது வேலை பார்க்கும் இடத்தோடு வருவது. அதைத் தேர்ந்தெடுக்கலாம், பேசி வாங்கலாம், பத்து வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். கவுன்சிலிங் நேரத்தில் எல்லோரும் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். வாழ்க்கையின் பெரும்பகுதியை முடிவு செய்வது இரண்டாவதுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் நோயின் கடிகாரத்தைப் பார்ப்போம். மாரடைப்பில் முழுதாக அடைபட்ட ரத்தக்குழாயை, நோயாளி மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடங்களுக்குள் பலூன் வைத்துத் திறக்க வேண்டும் என்பது இதயவியலின் நெடுநாள் அளவுகோல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம். விரை முறுக்கிக்கொண்டு வரும் சிறுவனுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் விரை பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போது கணக்கு நிமிடங்களில்தான். இதற்கு நேர்மாறாக கண்புரை மாதக்கணக்கில் பொறுக்கும். சொரியாசிஸ், தைராய்டு, காது கேளாமை எல்லாம் அடுத்த வாரம் ஓபிக்கு வரும். இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் கார்டியாலஜி, நியூரோசர்ஜரி, மகப்பேறு ஆகியவை ஒரு பக்கமும் தோல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம், பேத்தாலஜி ஆகியவை மறுபக்கமும் நிற்பது சரிதான். ஆனால் கோடு அவ்வளவு நேரானதும் இல்லை. மருந்து ஒவ்வாமையில் உடல் முழுக்கத் தோல் உரிந்து வருபவருக்கு டெர்மா மருத்துவர் உடனே வேண்டும். பட்டாசு வெடித்துக் கண் கிழிந்து வரும் குழந்தை தீபாவளி இரவில்தான் வரும். மனநல மருத்துவருக்கு நடுராத்திரி அழைப்புகள் குறைவு. ஆனால் தற்கொலை எண்ணத்தோடு வந்தவரை வீட்டுக்கு அனுப்பிய இரவில் மருத்துவருக்கு நிம்மதியான தூக்கம் வருவதில்லை. மருத்துவமனையை விட்டு வருவதும் மனதளவில் வேலையை விட்டு வருவதும் வேறுவேறு. பிராஞ்ச் தேர்வில் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எல்லோரும் சொர்க்கம் என்று நினைக்கும் ரேடியாலஜியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நோயின் கடிகாரம் ரேடியாலஜிக்குக் கிடையாது என்பது பிரமை. மற்றத் துறைகளின் கடிகாரங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. தலைக்காயம், பக்கவாதம், கடும் வயிற்றுவலி எதுவானாலும் முதலில் சிடி. ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த சிடியை யாரோ ஒருவர் படித்துச் சொல்லியாக வேண்டும். டெலிரேடியாலஜி வந்தபிறகு அதை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது வசதிதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வேலை வந்து உட்கார்ந்துகொள்வதும் அதே வசதியின் மறுபக்கம். ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவருக்கோ இன்னொரு சுமை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் செய்யும்போது படிவம் எஃப் நிரப்ப வேண்டும். முகவரி, எத்தனை குழந்தைகள், யார் அனுப்பினார், எதற்காக ஸ்கேன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். முந்தைய மாதத்தின் கணக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் இயந்திரத்துக்கு சீல் விழலாம். பெண் கருக்களைக் காக்க இந்தச் சட்டம் தேவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ரேடியாலஜி எடுப்பவர் இந்தக் கவலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறார். இதைத் தெரிந்து எடுப்பது நல்லது.

இனி ஆய்வுகள். 2003-ல் ஜாமா இதழில் டோர்சி குழுவினர், அமெரிக்க மருத்துவ மாணவர்களின் துறைத் தேர்வு 1996 முதல் 2002 வரை எப்படி மாறியது என்று ஆராய்ந்தார்கள். வருமானம், வேலை நேரம், பயிற்சிக் காலம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும், அந்த மாற்றத்தில் 55 சதவீதத்தை விளக்கியது நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்குமா என்ற கணிப்புதான். எத்தனை மணி நேரம் என்பது ஒன்று, அந்த மணி நேரத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்பது வேறொன்று என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டுகிறது. வாரத்துக்கு 60 மணி நேரம் திட்டப்படி உழைப்பவர் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்விடுவார். 45 மணி நேரமே உழைத்தாலும் எப்போது போன் அடிக்கும் என்று தெரியாதவரால் போக முடியாது. ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. 2012-ல் ஷானஃபெல்ட் குழுவினர் 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவர்களிடம் பணிச்சோர்வை அளந்தார்கள். ஒரு அறிகுறியாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 45.8 சதவீதம். பட்டியலின் உச்சியில் இருந்தது அறுவைசிகிச்சை அல்ல, அவசர மருத்துவம். ஷிப்ட் முடிந்தால் முடிந்தது, போன் வராது என்று பெயர் பெற்ற துறை அது! நேரம் தெளிவாக இருந்தும் சோர்வு உச்சத்தில் இருக்கிறது என்றால், கடிகாரம் மட்டும் வாழ்க்கையைக் காப்பாற்றாது என்றுதான் பொருள்.

எது காப்பாற்றுகிறது என்பதற்கு அதே ஷானஃபெல்ட் 2009-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறை ஆசிரியர்களிடம், உங்கள் வேலையில் உங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ள பகுதி எது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். ஒருவருக்கு அது நோயாளியைப் பார்ப்பது, இன்னொருவருக்கு ஆராய்ச்சி, மற்றொருவருக்குப் பாடம் எடுப்பது. தமக்குப் பிடித்த வேலைக்கு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காதவர்களில் 53.8 சதவீதம் பேர் சோர்ந்திருந்தார்கள்; கிடைத்தவர்களில் 29.9 சதவீதம்தான். ஐந்தில் ஒரு பங்கு என்றால் வாரத்தில் சுமார் ஒரு நாள். கத்தியைக் கையில் எடுத்தால்தான் உயிரோடு இருப்பதாக உணரும் ஒருவர், தூக்கத்துக்காக மட்டும் மைக்ரோபயாலஜி எடுத்தால், மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பியும் ஓய்வு கிடைக்காது. இவை அமெரிக்க எண்கள். நம் ஊர் ஓபி கூட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அவை காட்டும் திசை இங்கும் அதுதான் என்று நினைக்கிறேன். பிடிக்காத வேலையை லேசாக்கினாலும் அது பிடித்த வேலை ஆகிவிடாது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம்: இரவை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள்? தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் மிகப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் நர்சிங் ஹோம், மாடியில் வீடு. கணவர் சர்ஜன், மனைவி மகப்பேறு மருத்துவர். வலி எடுத்து வந்த பெண்ணுக்கு நர்ஸ் வாசல் கதவைத் திறந்ததுமே மாடியில் மணி அடிக்கும். மாதத்தின் முப்பது இரவும் ஒரே ஆள்தான். இதே மகப்பேறு மருத்துவம், ஆறு பேர் சுழற்சியில் வேலை செய்யும் ஒரு மருத்துவமனையில் மாதத்துக்கு ஐந்து இரவாகக் குறைகிறது. படிப்பு ஒன்று, பட்டம் ஒன்று, வாழ்க்கை இரண்டு. அரசு மருத்துவமனைகளில் அவசர மகப்பேறு சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது தனிமனிதத் தியாகத்தால் அல்ல, டியூட்டி பட்டியலால். அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. சொந்த நர்சிங் ஹோம் வைத்திருக்கும் பெண்ணுக்கு விடுப்பு என்பது வருமானமும் நோயாளிகளும் நழுவிப் போகும் மாதங்கள். பிராஞ்சைவிட இடம் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிட எளிய ஆதாரம் தேவையில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம் ஊர் நோயாளி மருத்துவமனையைப் பார்த்து வருவதில்லை, கைராசியைப் பார்த்து வருகிறார். பத்து மாதம் பார்த்த டாக்டரம்மாதான் பிரசவமும் பார்க்க வேண்டும் என்பார். டியூட்டியில் இருக்கும் இன்னொருவர் என்றால் முகம் சுளிப்பார், அடுத்த முறை வேறு இடத்துக்குப் போய்விடுவார். உண்மைதான். ஆனால் இந்த எதிர்பார்ப்பு முதல் சந்திப்பிலேயே உருவாகிறது; அதை முதல் சந்திப்பிலேயே மாற்றவும் முடியும். கர்ப்ப காலத்திலேயே மூன்று மருத்துவர்களும் முறைவைத்துப் பார்த்து, பிரசவத்தன்று இந்த மூவரில் ஒருவர் இருப்போம் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளும். அது நோயாளிக்கும் நல்லது. கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனை, அவரவர் மருத்துவர் வந்து பிரசவம் பார்க்கும் முறையிலிருந்து 2011-ல் மாறியது. மருத்துவச்சிகளும் பிரசவ அறைக்கென்றே டியூட்டி மருத்துவரும் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும்படி செய்தது. அதன்பின் தனியார் காப்பீடு வைத்திருந்த பெண்களிடையே முதன்முறை சிசேரியன் 31.7 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக இறங்கியது. காத்திருப்பதற்கு ஓய்வெடுத்த ஒரு ஆள் அங்கே இருந்தார். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-ன்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். காரணங்கள் பல. ஒற்றை ஆளின் தூக்கமின்மையும் அவற்றில் ஒன்றாக இருக்கும் என்பது என் கணிப்பு.

மயக்க மருத்துவம் இந்த வாதத்துக்குப் பொருத்தமான துறை. ஒரே எம்டி பட்டம் மூன்று விதமான வாழ்க்கையைத் தருகிறது. மூன்று நான்கு நர்சிங் ஹோம்களுக்கு கேஸ் கணக்கில் போகும் மயக்க மருத்துவருக்கு நேரம் சொந்தமில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு இடம், பத்துக்கு இன்னொன்று, எந்த சர்ஜன் எப்போது அழைப்பார் என்று தெரியாது. ஒருமுறை வர முடியாது என்று சொன்னால் அடுத்த அழைப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. கார்ப்பரேட் மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருப்பவருக்குப் பட்டியல் உண்டு, டியூட்டி முடிந்த மறுநாள் ஆஃப் உண்டு. சொந்த நோயாளி என்று யாரும் இல்லாததால் வீட்டுக்கு வந்தபின் போனும் வராது. வலி நிவாரண கிளினிக் வைத்து நடத்துபவருக்கு இரவு வேலையே கிடையாது. பயிற்சிக் காலத்தில் மூவரும் ஒரே தியேட்டரில்தான் நின்றிருப்பார்கள்.

பிஜி மூன்று வருடங்களை வைத்துப் பிராஞ்சை எடைபோடுவதும் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும். தொடர் பணி ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்று 1992-லேயே மத்திய ரெசிடென்சி திட்டம் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் நியாயமான வேலை நேரம், வார விடுமுறை, வருடத்துக்கு 20 நாள் விடுப்பு என்கின்றன. 2024-ல் அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேர உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. மூன்று ஆவணங்களையும் வரிசையாக வைத்தால் எண் 48-லிருந்து, இடையில் காணாமல் போய், 74 ஆகக் கூடியதைக் காணலாம். எந்த எண்ணும் வார்டுக்குள் நுழையவில்லை என்பதும் தெரியும். இது கோபப்பட வேண்டிய விஷயம், பிஜிக்கள் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம். ஆனால் பிராஞ்ச் தேர்வுக்கு அது சரியான அளவுகோல் அல்ல. ஆர்த்தோ முதல் வருடம் கொடூரமாக இருக்கலாம். அதே ஆர்த்தோவில் பின்னாளில் திட்டமிட்ட மூட்டு மாற்று அறுவைசிகிச்சை மட்டும் செய்பவரின் வாரம் மிக ஒழுங்கானது. மறுபுறம், பொது மருத்துவம் மூன்று வருடம் என்று நினைத்துச் சேர்பவர் பெரும்பாலும் டிஎம் மூன்று வருடத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறார். பதினெட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்து, இடையில் ஒரு வருடம் படிக்க உட்கார்ந்தால், டிஎம் முடியும்போது முப்பதைத் தாண்டிவிடும். கல்யாணம், குழந்தை, பெற்றோரின் உடல்நலம் எல்லாம் அந்த ஆறு வருடத்துக்குள்தான் வரும்.

மருத்துவம் சேவை, சௌகரியம் பார்ப்பவர் இதற்கு வந்திருக்கவே கூடாது என்பது பெரியவர்கள் சொல்லும் மறுப்பு. அவர்களுடைய தலைமுறையின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தூங்காத மருத்துவர் நல்ல சேவை செய்கிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2004-ல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வில், நீண்ட டியூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட டியூட்டி பார்த்தபோது செய்ததைவிட சுமார் 36 சதவீதம் கூடுதலாகக் கடும் தவறுகள் செய்தார்கள். நீண்ட ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டிப் போனவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 2.3 மடங்கு என்றது மறு வருட ஆய்வு. எதிர்த் தரப்புக்கும் ஒரு நல்ல ஆதாரம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2016-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 117 அறுவைசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டார்கள். நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை. ஆனால் அந்த இடங்களின் மருத்துவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கை பாதிக்கப்படுவதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். மணி நேரத்தை மட்டும் வெட்டினால் நோயாளி தானாகக் குணமாகிவிட மாட்டார் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். கையளிப்பு சரியாக இருக்க வேண்டும், ஆள் போதுமானதாக இருக்க வேண்டும். மருத்துவரின் வாழ்க்கைக்கு மதிப்பில்லை என்ற பாடம் அதில் இல்லை.

ரேங்க்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, எனக்கென்ன தேர்வு என்பது இன்னொரு மறுப்பு. ரேங்க் முன்வரிசையைத் தருகிறது, அவ்வளவுதான். 2023-ல் காலி இடங்களை நிரப்ப கட்-ஆஃபையே பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். அவ்வளவு இடங்கள் யாருக்கும் வேண்டாமல் கிடந்தன. பேத்தாலஜியும் சமூக மருத்துவமும் மீதி இடங்கள் அல்ல. ஆனால் மீதி என்று நினைத்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். சமூக மருத்துவம் பத்து முதல் ஐந்து வேலை என்று எண்ணிச் சேர்ந்தவர்களுக்கு 2020-ல் இரவும் பகலும் ஒன்றானது. அந்த வேலையை விரும்பி எடுத்தவர்களுக்கு அதுவே தொழிலின் உச்ச காலமாகவும் இருந்தது.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியார் கல்லூரியில் பெரும் தொகை கொடுத்து லேசான பிராஞ்ச் வாங்குவது பெரும்பாலும் தன்னைத்தானே தோற்கடிக்கும் கணக்கு. மாதத் தவணை உங்கள் மாலைகளையும் ஞாயிறுகளையும் வாங்கிவிடும். கடனில்லாத மகப்பேறு மருத்துவர், கடனோடு இருக்கும் டெர்மா மருத்துவரைவிட நிம்மதியாக இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்.

பெண்கள் விஷயத்தில் குடும்பங்கள் செய்வது எனக்கு உறுத்துகிறது. மகளிடம் "லேசா ஏதாவது எடும்மா" என்பார்கள். அதே ரேங்க் வாங்கிய மகனிடம் அந்த வார்த்தை வராது. குழந்தை வளர்ப்பு இருவருக்கும் உரியது என்றால் இந்த அத்தியாயத்தின் கேள்விகளும் இருவருக்கும் உரியவை. ஒரு சர்ஜன் தன் மனைவியின் இரவுகளைக் கணக்கில் எடுக்காமல் தேர்ந்தெடுத்தால், இழப்பை இன்னொருவர் சுமக்கிறார்.

விரும்பியது கிடைக்காவிட்டால் வாழ்க்கையே வீண் என்ற பயத்துக்கு மதுரையில் ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதத்தால் 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணிப்போயின, பிரசவம் பார்க்க உடல் இடம் கொடுக்கவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே வேலையைப் பகுத்த விதம் நம் வாதத்துக்கும் உரியது: பரிசோதனை, தயார்ப்படுத்துதல், ஆலோசனை எல்லாவற்றையும் கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்ய, மருத்துவர் மருத்துவரால் மட்டுமே முடிந்ததைச் செய்கிறார். ஒரு துறையின் வேலைநாள் இயற்கையாக அமைவதில்லை, யாரோ யோசித்து அமைக்கிறார்கள்.

ஆகவே சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் விசாரிக்கும்போது, பிராஞ்ச் எப்படி என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தக் கல்லூரியின் அந்தத் துறையில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை பிஜி, அட்மிஷன் டே வாரத்துக்கு எத்தனை, நைட் டியூட்டிக்கு மறுநாள் மதியமாவது வீட்டுக்குப் போக முடிகிறதா என்று இரண்டாம் வருட பிஜியிடம் கேளுங்கள். முதல் வருடத்தவர் களைப்பில் பேசுவார், மூன்றாம் வருடத்தவர் மறந்திருப்பார். பிறகு அதே துறையில் நாற்பது வயதில் இருக்கும் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள்: அரசுப் பணியில் ஒருவர், சொந்த கிளினிக்கில் ஒருவர், சம்பளத்துக்கு இருக்கும் ஒருவர். கடைசியாக எழுந்த ராத்திரி எது, போன வாரம் எத்தனை நாள் இரவுச் சாப்பாடு வீட்டில், நீங்கள் ஊருக்குப் போனால் உங்கள் நோயாளிகளை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மூவரின் பதில்களும் ஒத்துப்போனால் அது பிராஞ்சின் இயல்பு. ஒத்துப்போகாவிட்டால் அது இடத்தின் இயல்பு. வேலைக்குச் சேரும் நாளில் அதைப் பேசி வாங்க வேண்டியது நீங்கள்தான். மாதத்துக்கு எத்தனை ஆன்-கால், அதற்கு மறுநாள் ஓய்வு உண்டா, விடுப்பில் மாற்று ஆள் யார் என்ற மூன்றையும் சம்பளத்தைப் பேசும் அதே நாளில், அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.